ஏற்காட்டில் அரிய மலர்களும் கோடை விழாவும்: முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டுக்குப் பூ பார்க்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் மே மாதக் கோடை விழாவின்போது செல்கிறார்கள். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சியைப் பார்த்து, ஏரியில் படகேறி, மாலையில் சேலம் இறங்கிவிடுகிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் அரிய பூக்கள் அந்தக் கண்காட்சியில் இருப்பதில்லை. விழாவுக்குத் தேதி உண்டு. ஆர்க்கிட்டுக்கும் காப்பிப் பூவுக்கும் குறிஞ்சிக்கும் மழையும் வெயிலும்தான் நாள் குறிக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க விரும்புபவர்களும், அரிய பூவுக்காக மட்டும் தனியே செல்ல விரும்புபவர்களும் எப்படித் திட்டமிடலாம் என்பதைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன்.

முதல் படி: எந்தத் தோட்டம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுதல்

ஏற்காட்டில் பூங்காக்கள் பல இருப்பதால், "தாவரவியல் பூங்கா எங்கே?" என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டுவார்கள். ஆகவே பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அரிய தாவரங்களுக்கு உரிய இடம், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டமும் அதனோடு சேர்ந்த சோதனைத் தோட்டமும் ஆகும். 1890-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அதன் பொறுப்பில் 1960-களில் உருவான ஏற்காட்டுத் தோட்டம் சுமார் 18 ஹெக்டேர் பரப்புடையது. காட்டில் அழியும் நிலையில் உள்ள செடிகளைக் கொண்டுவந்து, வளர்த்து, பதிவு செய்து காப்பதுதான் அதன் வேலை. பார்வையாளரை மகிழ்விப்பது அதன் முதல் நோக்கம் அன்று என்பதை மனத்தில் வைத்துச் சென்றால் ஏமாற்றம் இராது. வண்ணப் பாத்திகளோ பூவால் செய்த யானையோ அங்கே கிடையாது. பெயர்ப்பலகை மாட்டிய மரங்களும், தொட்டிகளில் வரிசையாக வைத்த ஆர்க்கிட்டுகளும்தான் இருக்கும்.

ஏரியை ஒட்டிய அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில் உள்ள அலங்காரப் பூங்கா; மலர்க் கண்காட்சி இங்குதான் நடக்கிறது. தோட்டக்கலைத் துறைக்கு வேறு பூங்காக்களும் ரோஜாத் தோட்டமும் உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இந்த மலையில் இருக்கிறது; பழ மரங்களிலும் மலைத்தோட்டப் பயிர்களிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பொருத்தமானது. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலையில் ஆர்க்கிட் தோட்டத்தையும் பிற்பகலில் அண்ணா பூங்காவையும் பார்ப்பதே என் பரிந்துரை. கூட்டம் சேர்வதற்கு முன் பொறுமை தேவைப்படும் இடத்தை முடித்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஏற்காட்டின் பருவங்கள் சேலத்தின் பருவங்களோடு ஒத்துப்போவதில்லை. கீழே கத்திரி வெயில் கொளுத்தும்போது மேலே பிற்பகல் இடிமழை பெய்துகொண்டிருக்கும். பூக்களின் வரிசையும் அந்த மழையைப் பின்பற்றியே அமைகிறது.

மாசி கடைசி முதல் சித்திரை வரை காப்பிப் பூவின் காலம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மலையில் அறிமுகப்படுத்திய காப்பி, இன்று சில்வர் ஓக் மரங்களின் நிழலில் மலை முழுவதும் பரவியிருக்கிறது. வறட்சியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள், தோட்டக்காரர்கள் பூமழை என்று காத்திருக்கும் முதல் நல்ல கோடை மழைக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாளில் ஒரே சமயத்தில் மலர்கின்றன. அதன் பின் இரண்டு மூன்று நாள்தான். மல்லிகை மணம் வீசும் அந்த வெண்மை பழுப்பாகி உதிர்ந்துவிடும். எனவே இதற்கு முன்கூட்டியே விடுதி பதிவு செய்வதில் பயனில்லை. ஏற்காட்டில் மழை பெய்ததாகக் கேள்விப்பட்டவுடன் நாள்களை எண்ணத் தொடங்கி, அடுத்த வார இறுதியை ஒதுக்கிவைப்பதே சரியான முறை. சேலத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது. சென்னையிலிருந்து வருபவர்கள் மலையில் யாரையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சித்திரை, வைகாசி மாதங்களில் மரத்தில் வளரும் ஆர்க்கிட்டுகள் பல பூக்கின்றன. நரிவால் ஆர்க்கிட் எனப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா, வெள்ளையில் ஊதாப் புள்ளிகள் இட்ட சிறு பூக்களை நெருக்கமாகக் கோத்த சரம் போலத் தொங்கவிடும். அஸ்ஸாமில் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பிகு பண்டிகையில் பெண்கள் கொண்டையில் சூடிக்கொள்வது இந்தப் பூவைத்தான். வாண்டா டெசெல்லாட்டா என்ற மற்றோர் இனம் சமவெளியில் மாமரங்களிலும்கூட ஒட்டி வளரும். பழுப்புக் கட்டங்கள் போட்ட இதழ்களும் நீலமோ ஊதாவோ கலந்த உதடும் அதன் அடையாளங்கள். இதே மாதங்களில் சாலையோரத்து ஜகரண்டா மரங்களும் நீலமாகப் பூத்து நிற்கும்.

ஆடி முதல் புரட்டாசி வரையிலான மழைக்காலத்தைப் பயணிகள் தவிர்க்கிறார்கள்; தாவரம் பார்ப்பவர்களுக்கு இதுதான் பொற்காலம் என்பேன். ஹேபனேரியா போன்ற தரை ஆர்க்கிட்டுகள், கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை இறங்கியதும் முளைத்து, புல்லுக்கு நடுவே வெள்ளைப் பூக்களை நீட்டுகின்றன. அந்தப் பூவின் பின்புறம் நீண்டு தொங்கும் குழலின் அடியில் தேன் இருக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளால்தான் அதை எட்ட முடியும். இரவில் வரும் பூச்சிக்காகப் பூப்பதால் நிறத்தில் ஆடம்பரம் இல்லை. காசித்தும்பையின் காட்டு உறவினங்களும் ஈரப்பாறைகளில் இப்போதுதான் பூக்கும்.

குறிஞ்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி சேர்வராயன் மலையிலும் உண்டு என்றாலும், நீலகிரியிலும் மூணாறிலும் 2006, 2018 என்று பூத்த கணக்கை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஒவ்வொரு மலையிலும் உள்ள கூட்டம் தனக்கென ஓர் ஆண்டு வரிசை வைத்திருக்கும். தவிர, குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் வேறு வேறு ஆண்டு இடைவெளிகளில் பூப்பதால், "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று கைப்பேசியில் வரும் படம் எந்த இனத்துடையது என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கலாம்.

மூன்றாம் படி: புறப்படுவதற்கு முன்

ஆர்க்கிட் தோட்டம் மத்திய அரசின் ஆய்வு நிலையம். பார்வை நேரத்தையும் விடுமுறை நாளையும் முந்தைய நாளே விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மாணவர் குழுவை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் தலைமையாசிரியர் அல்லது துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தை முன்னதாக அனுப்பினால், செடிகளை விளக்கிச் சொல்ல ஊழியர் ஒருவரைக் கேட்டுப் பெறுவது எளிதாகும். விசாரிக்கும்போது "என்ன பூத்திருக்கிறது?" என்றும் கேட்டுவிடுங்கள். தோட்டத்தில் நாள்தோறும் தண்ணீர் ஊற்றுபவருக்கே அதற்கான விடை நன்றாகத் தெரிந்திருக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெருக்கும் சிறு கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். பல ஆர்க்கிட் பூக்கள் அரிசி மணி அளவே இருக்கும். குடை, வழுக்காத காலணி, குறிப்பேடு, இரவு தங்குவதாக இருந்தால் ஒரு ஸ்வெட்டர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை என்பதால் வீட்டிலிருந்தே தண்ணீர்ப் பாத்திரமும் துணிப்பையும் கொண்டுபோவது நல்லது.

நான்காம் படி: மலையேற்றம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, அடிவாரம் வழியாகச் செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சேலத்திலிருந்து பேருந்துகள் உண்டு. விழா நாள்களில் சிறப்புப் பேருந்துகளும் விடுவார்கள். கூட்டம் மிகும் நாள்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடும் ஒருவழி ஏற்பாட்டைக் காவல் துறை அறிவிப்பது வழக்கம். குப்பனூர்ப் பாதை சுற்றுவழி என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். எனக்கு அதுதான் பிடிக்கும். காப்பித் தோட்டங்களை ஒட்டி நெடுந்தூரம் போகலாம்.

வயிறு குமட்டும் வழக்கம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறக் கூடாது. சொந்த வாகனத்தில் செல்பவர்கள் காலை எட்டு மணிக்குள் அடிவாரச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் காப்பித் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் நடமாடுகின்றன. பூவைத் தேடிச் சாலையை விட்டு உள்ளே போவதற்கு அவை ஏற்ற நேரங்கள் அல்ல. பெரும்பாலான தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தமானவை என்பதால் பகலிலும் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபின் வழி கேட்க வேண்டுமானால் ஒண்டிக்கடை சந்திப்பு எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்.

ஐந்தாம் படி: ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்க்கும் முறை

இந்தத் தோட்டத்தை இருபது நிமிடத்தில் சுற்றிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று வெளியே வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். எதைப் பார்ப்பது என்று தெரியாததால் வரும் குறை அது.

முதலில் பூவைத் தேடாமல் வேரைப் பாருங்கள். மரத்தில் வளரும் ஆர்க்கிட் தொற்றுத் தாவரம்; புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று. காற்றில் தொங்கும் அதன் வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கும். உலர்ந்திருக்கும்போது வெள்ளியாகத் தெரியும் அந்த வேர், தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாக மாறும். காலையில் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் சென்றால் இதை நேரில் காணலாம்.

அடுத்து, பூவின் அமைப்பு. வெளியே மூன்று புல்லியிதழ்கள், உள்ளே மூன்று அல்லியிதழ்கள். அந்த மூன்றில் ஒன்று மட்டும் உருமாறி உதடாகி, பூச்சி வந்து இறங்குவதற்குத் தளமாக இருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு வளரும்போதே தன் காம்பில் அரைச் சுற்றுத் திரும்பி, மேலே இருக்க வேண்டிய உதட்டைக் கீழே கொண்டுவருகிறது. கைலென்ஸ் வைத்துப் பூவின் நடுத்தூணைப் பார்த்தால், மகரந்தம் தூளாக இல்லாமல் மஞ்சள் உருண்டைகளாகச் சேர்ந்திருப்பது தெரியும். பூச்சியின் தலையிலோ முதுகிலோ அந்த உருண்டை அப்படியே ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்கிறது.

இவை ஏன் அரிதாகின்றன என்பதற்கும் விடை செடியிலேயே இருக்கிறது. ஒரே காயில் ஆயிரக்கணக்கில் விதைகள் இருந்தாலும், அவை தூசி போன்றவை. முளைப்பதற்கு வேண்டிய உணவுச் சேமிப்பு அவற்றில் இல்லை. குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று வந்து சேர்ந்து உணவூட்டினால்தான் விதை முளைக்கும். மரத்தை வெட்டினால் செடி மட்டும் போகவில்லை, அந்தப் பட்டையில் வாழ்ந்த பூஞ்சையும் போய்விடுகிறது. அதனால்தான் காட்டிலிருந்து பிடுங்கிவந்த ஆர்க்கிட் பெரும்பாலும் வீட்டில் பிழைப்பதில்லை. தொட்டிகளில் உள்ள பெயர்ச்சீட்டுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்தால், ஒவ்வொரு தொட்டிக்கும் பின்னால் உள்ள உழைப்பு விளங்கும்.

கூட்டம் அதிகம் நிற்கும் இடம், பூச்சி உண்ணும் குடுவைத் தாவரம் இருக்கும் குடில்தான். நெப்பெந்தஸ் காசியானா என்ற இந்த இனம் மேகாலயாவின் காசி, கரோ, ஜைந்தியா மலைப்பகுதிகளுக்கு உரியது. எல்லோரும் பூவென்று எண்ணிப் படம் எடுக்கும் குடுவை உண்மையில் இலையின் நுனி. தழைச்சத்துக் குறைந்த மண்ணில் வளர்வதால், மூடியின் ஓரத்தில் தேன் சுரந்து பூச்சியை வரவழைத்து, மெழுகு பூசிய வழுக்கும் உட்சுவரில் சறுக்கி விழச்செய்து, அடியில் உள்ள செரிமான நீரில் கரைத்து உண்கிறது. அதன் உண்மையான பூ மிகச் சிறியது. ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு. பூத்திருந்தால் எது ஆண் செடி, எது பெண் செடி என்று ஊழியரைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் பற்றியும் விசாரிக்க மறக்க வேண்டாம். சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் அறிந்தவை பெரும்பாலும் சிறு செடிகள். இது மரமாக வளரும். அலங்காரமாக எதுவும் தெரியாததால் குழந்தைகள் இதைக் கடந்து, தட்டினால் மணி போல் ஒலிக்கும் பாறையிடம் ஓடிவிடுவார்கள். ஓடட்டும், அவர்கள் அங்கே இருக்கும் நேரத்தில் நீங்கள் நிதானமாகச் செடிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: கோடை விழாவையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்தல்

விழா மே மாதத்தின் பிற்பகுதியில் வருகிறது. 2024-இல் 47-ஆவது விழா மே 22 அன்றும், 2025-இல் 48-ஆவது விழா மே 23 அன்றும் தொடங்கின. நாள்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும்; மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே விடுமுறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மலர்க் கண்காட்சியில் இரண்டு வகைப் பூக்கள் இருக்கும். டேலியா, சால்வியா, பெட்டூனியா, சாமந்தி போன்றவற்றைத் தோட்டக்கலைத் துறையினர் மாதக்கணக்கில் முன்னதாக விதைத்துத் தொட்டிகளில் தயார் செய்கிறார்கள். இவை விழா முடியும் வரை புதிதாகவே இருக்கும். பெரிய உருவங்களில் குத்திவைக்கும் கார்னேஷன், ரோஜா, ஜெர்பெரா ஆகியவை கொய்த பூக்கள். வெயில் பட்டால் மூன்றாம் நாளே நிறம் மங்கும். உருவங்களைப் பார்க்க விரும்புபவர்கள் முதல் இரண்டு நாள்களுக்குள், திறந்தவுடன் செல்வது நல்லது. தொட்டிச் செடிகளைப் பார்த்து வகைகளைக் குறித்துக்கொள்ள விரும்புபவர்கள் இடைப்பட்ட வேலைநாள் ஒன்றில் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கலை நிகழ்ச்சிகள், நாய்கள் கண்காட்சி, படகுப் போட்டி, கொழு கொழு குழந்தைகள் போட்டி என நாளுக்கொன்று நடக்கும். நாய்கள் கண்காட்சி நடக்கும் நாளில் அண்ணா பூங்காவில் கூட்டம் சற்றுக் குறைகிறது என்பது பூ பார்ப்பவர்களுக்குப் பயன்படும் செய்தி.

இதே மாதத்தில் மலைவாழ் மக்களின் சேர்வராயன் கோயில் திருவிழாவும் நடக்கிறது. 1,623 மீட்டர் உயரத்தில், மலையின் உச்சியில் இருக்கும் அந்தக் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் குடியிருக்கிறார்கள். குகை காவிரி வரை நீள்கிறது என்பது மலையாளி எனப்படும் இந்த மலைவாழ் மக்களின் நம்பிக்கை. சுற்றுலாப் பயணிகளுக்காக ஏற்பாடு செய்த விழா அன்று இது. வேண்டுதலோடு வருபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று பார்ப்பதும், குகைக்குள் படம் எடுப்பதற்கு முன் பூசாரியிடம் கேட்பதும் மரியாதை. கோயிலைச் சுற்றியுள்ள சமவெளியில் மழைக்காலத்தில் மறுபடி வந்தால் புல்வெளிப் பூக்களைக் காணலாம்.

ஆடியில் வருபவர்கள் மலையையும் சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையும் சேர்த்துத் திட்டமிடலாம். பூச்சாட்டுதலோடு தொடங்கும் அந்த விழாவின் நாள்களில் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அதிகாலையில் போனால், பனமரத்துப்பட்டி அரளியும் குண்டுமல்லியும் கூடை கூடையாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். சேலம் நகரின் குகை என்ற பகுதியில், தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையும் அதே காலத்தில்தான்.

ஏழாம் படி: படம், சட்டம், செடி வாங்குதல்

படம் எடுக்கும்போது செடியைத் தொட்டுத் திருப்புவதும், பூவில் தண்ணீர் தெளிப்பதும், பின்னணி சரியில்லை என்று தொட்டியை நகர்த்துவதும் கூடாது. மேகம் மூடிய நேரத்தில், கருப்புத் துணியோ குடையோ பின்னால் பிடித்து எடுத்தால் கைப்பேசியிலேயே தெளிவான படம் கிடைக்கும். பூ ஒரு படம், இலை ஒரு படம், பெயர்ச்சீட்டு ஒரு படம் என்று மூன்றாக எடுத்துக்கொண்டால் வீட்டுக்கு வந்தபின் எது எது என்ற குழப்பம் இராது. காட்டில் எடுத்த அரிய செடியின் படத்தை இணையத்தில் போடும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட வேண்டும். அதைப் பார்த்துத் தேடிப்போய்ப் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

காட்டு ஆர்க்கிட்டைப் பறிப்பதும் வாங்குவதும் தவறு. லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட், நீல வாண்டா, குடுவைத் தாவரம் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றவை. சாலையோரத்தில் பாசி ஒட்டிய வேரோடும் மரப்பட்டையோடும் யாராவது விற்றால், அது காட்டிலிருந்து வந்தது என்று பொருள்.

வீட்டுக்கு ஒரு செடி வேண்டுமென்றால் நாற்றங்காலில் வளர்த்த கலப்பின டெண்ட்ரோபியம் வாங்குங்கள். மலையின் குளிருக்குப் பழகிய இனங்கள் சேலத்தின் வெயிலில் வாடிவிடும், இது தாங்கும். மண்ணில் நடாமல், கரித்துண்டும் உடைத்த ஓடும் நிரப்பிய துளைத்தொட்டியில் வைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் தொங்கவிட்டு, வேர் வெள்ளியாக மாறிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். இறங்கும் வழியில் காரின் பின்பக்கக் கண்ணாடி ஓரத்தில் வைக்காமல் காலடியில் நிழலில் வையுங்கள். இருபது வளைவுகளைத் தாண்டி அடிவாரம் சேரும்போது வெப்பம் ஏழெட்டு டிகிரி கூடியிருக்கும்.